கால்சியம் ஃபுளோரைடு: வீழ்படிய வைப்பது எளிது, வடிகட்டுவதில்தான் வேலை

சோடியம் ஃபுளோரைடு, கால்சியம் குளோரைடு கரைசல்களைக் கலந்தால், நீரில் மிகக் குறைவாகவே கரையும் கால்சியம் ஃபுளோரைடு திடப்பொருளாகப் பிரிந்து படியும், அதுவே வீழ்படிவு. முதலில் சோடியம் ஃபுளோரைடு 8.4 கிராமை 300 மி.லி. வாலை வடிநீரில் கரையுங்கள். 100 மி.லி. நீரில் இது ஏறத்தாழ 4 கிராம்தான் கரையும், சூடாக்கினாலும் பெரிதாகக் கூடாது. அதனால் நீரைக் குறைக்க வேண்டாம். சில கிராம் வயிற்றுக்குள் போனாலே உயிருக்கு ஆபத்து என்பதால் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட் (இரு நீர் மூலக்கூறுகள் சேர்ந்த வடிவம்) கணக்குப்படி 14.7 கிராம் போதும். 15.5 கிராமாக எடுத்து 200 மி.லி. நீரில் கரையுங்கள். கால்சியம் சற்று மிகுந்திருந்தால் வடிகட்டி வரும் நீரில் ஃபுளோரைடு குறைவாகவே தங்கும். கரைசல் கலங்கலாக இருந்தால் முதலில் வடிகட்டிவிடுங்கள்.

இரண்டையும் 80 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி, கலக்கிக்கொண்டே கால்சியம் கரைசலுக்குள் ஃபுளோரைடு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். பாலிபுரொப்பிலீன் பீக்கர் நல்லது. அரை மணி நேரமாவது ஆகட்டும். குளிர்ந்த கரைசல்களை ஒரேயடியாகக் கொட்டினால் கிடைப்பது கூழ். அதன் துகள்கள் வடிதாளை அடைக்கும், அல்லது அதன் வழியே நழுவிப் போகும். ஊற்றி முடித்ததும் கொதிநீர்ச் சட்டியில் ஒரு மணி நேரம் வைத்து, இரவு முழுவதும் அசையாமல் விடுங்கள். நுண்துகள்கள் கரைந்து பெரிய துகள்களின் மேல் படியும். இந்தக் காத்திருப்பைத் தவிர்ப்பவர்கள்தான் மறுநாள் வடிதாளோடு மல்லாடுகிறார்கள்.

மேல்நீரை இறுத்துவிட்டு, வெந்நீர் ஊற்றிக் கலக்கிப் படியவிட்டு மீண்டும் இறுங்கள். நான்கைந்து முறை செய்தபின் வடிகட்டலாம். கழுவிய நீரில் வெள்ளி நைட்ரேட் ஒரு சொட்டு விட்டால் குளோரைடு மிச்சம் இருப்பது வெண்மையாகத் தெரியும். வெள்ளி ஃபுளோரைடு நீரில் கரையக்கூடியது, ஆகவே ஃபுளோரைடு இந்தச் சோதனையைக் குழப்பாது. அளவு மீறிக் கழுவினால் உப்பெல்லாம் போய் வீழ்படிவு மறுபடி கூழ்மமாகி (நீரில் மிதக்கும் மிக நுண்ணிய துகள்களாகி) வடிதாளைத் தாண்டும். வடிநீர் பால்போல மாறத் தொடங்கினால் அதுதான் காரணம், உடனே நிறுத்துங்கள்.

110 டிகிரியில் மூன்று மணி நேரம் உலர்த்துங்கள். முழு விளைச்சல் 7.8 கிராம். வடிதாளில் ஒட்டியது போக 7 கிராம் வந்தாலே நன்று. திறந்த காற்றில் சிவக்கச் சுட வேண்டாம்: ஈரப்பதத்தோடு வினைபுரிந்து கால்சியம் ஆக்சைடாகும், ஹைட்ரஜன் ஃபுளோரைடும் வெளியேறும். அடர் கந்தக அமிலம் இதன் பக்கமே வரக்கூடாது. அந்த வினையில்தான் ஆலைகளில் ஹைட்ரஜன் ஃபுளோரைடு தயாரிக்கிறார்கள். தோலுக்குள் ஊடுருவிப் போகும் நஞ்சு அது.

கிடைப்பது வெண்தூள். உருகுநிலை 1418 டிகிரி, அடர்த்தி கன செ.மீ.க்கு 3.18 கிராம். இயற்கையில் இதுவே ஃபுளோரைட் கனிமம், குஜராத்தின் அம்பாடோங்கரில் இதன் படிவுகள் உள்ளன. படிகத்தில் ஒவ்வொரு கால்சியம் அயனியைச் சுற்றியும் எட்டு ஃபுளோரைடு அயனிகள். புறஊதா ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் ஊடுருவ விடுவதால் வில்லைகளாக்குகிறார்கள்.

ஒரு லிட்டர் நீரில் 16 மில்லிகிராம் அளவுக்கு இது கரையும், அதில் ஃபுளோரைடு மட்டும் 8 மில்லிகிராம். குடிநீரில் அனுமதிக்கப்படும் உச்சம் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். ஆகவே வெறும் சுண்ணாம்பைப் போட்டு ஃபுளோரைடை அந்த அளவுக்குக் கீழே இறக்க முடியாது, குடிநீரிலிருந்து ஃபுளோரைடை நீக்கும் நல்கொண்டா முறையில் படிகாரம் சேர்ப்பதும் இதனால்தான். உங்கள் வடிநீரையும் கிணற்றுப் பக்கம் ஊற்றாமல், ஆய்வகக் கழிவுக் கலனில் சேருங்கள்.