தொற்றுக் காலத்தில் துக்க வீட்டுக்குப் போகும் இளம் ஆயர்களுக்கு

சாவு விழுந்த வீட்டில் முதல் காரியம், ஏன் இப்படி நடந்தது என்று விளக்கம் சொல்லாமல் இருப்பதுதான். கொரோனா நாட்களில் ‘ஜெபக் குறைவு’, ‘கடைசிக் கால அடையாளம்’ என்ற பேச்சை எங்கள் சேகரத்திலேயே (ஓர் ஆயரின் பொறுப்பிலுள்ள சபைகளில்) கேட்டேன். எருசலேமில் சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த 18 பேரும் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்றால், ‘அப்படியல்ல’ என்கிறார் இயேசு. ஆயருக்கு அந்தப் பதில் போதும்.

91ஆம் சங்கீதத்தை அன்றைக்கு வாசிக்காதீர்கள். ‘வாதை உன் கூடாரத்தை அணுகாது’ என்று நிலைவாசலில் ஒட்டிய வீட்டிலேயே தகப்பனைப் பறிகொடுத்த பிள்ளைகளுக்கு அது, உங்கள் விசுவாசம் குறைவு என்றுதான் கேட்கும். தேவாலயத்து உப்பரிகையில் இயேசுவைச் சோதிக்கப் பிசாசு எடுத்து நீட்டியதும் அதே சங்கீதம்தான். 13ஆம் சங்கீதம் வாசியுங்கள். ‘கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?’ அந்தக் கேள்வியை அவர்களோடு சேர்ந்து நீங்களும் கேளுங்கள்.

நேரில் போகலாமா? 1527இல் ஜெர்மனியின் விட்டன்பர்க்கில் கொள்ளைநோய் பரவி, பல்கலைக்கழகமே யேனா நகருக்கு இடம் மாறியபோது சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் ஊரிலேயே தங்கினார். கொள்ளைநோய்க்குத் தப்பி ஓடலாமா என்று கேட்ட பிரெஸ்லாவ் நகர ஆயர்களுக்கு அவர் எழுதிய பதிலின் சாரம்: மருந்து சாப்பிடு, வீட்டைப் புகைபோட்டுச் சுத்தம் செய், தேவையில்லாத இடத்துக்குப் போகாதே, அயலானுக்கு நீ தேவைப்பட்டால் தயங்காமல் போ. நானும் அப்படித்தான் முடிவெடுக்கிறேன். போனால் முகக்கவசத்தோடு முற்றத்தில் நின்று ஜெபியுங்கள். போக முடியாவிட்டால் தினமும் ஒரே நேரத்தில் போன் செய்யுங்கள். வயதானவர்கள் அந்த நேரத்துக்குக் காத்திருப்பார்கள்.

அடக்கத்துக்குத்தான் அதிக முன்னேற்பாடு வேண்டும். 2020 மார்ச்சில் மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டுதலில், உடலைத் தொடாமல் வேதம் வாசிக்க அனுமதி இருந்தது. ஊழியர்கள் உடல் வைத்த பையின் முகப்பக்கத்தைத் திறந்து குடும்பத்துக்கு ஒருமுறை முகம் காட்டவும் இடமிருந்தது. பல குடும்பங்களுக்கு இது தெரியாமலே போயிற்று. முகம் பார்க்காமல் அனுப்பிய துக்கம் எளிதில் ஆறாது. ஆகவே அந்தந்த நேரத்துச் சுற்றறிக்கையை அச்செடுத்துக் கையில் வைத்திருந்து, குடும்பத்துக்காக நீங்களே பேசுங்கள். கல்லறைத் தோட்டத்தைச் சுற்றியுள்ளவர்களிடமும் ஊராட்சித் தலைவரிடமும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். 2020 ஏப்ரலில் சென்னையில் ஒரு மருத்துவரின் உடலை அடக்கம் செய்யப் போனவர்கள் மீது கல் விழுந்தது, பயத்தால்தான். குழிக்குள் கிருமி நடமாடாது என்பதை அரசு மருத்துவரைக் கொண்டே சொல்லச் செய்யுங்கள்.

கூட்டம் சேர அனுமதி கிடைத்ததும், அவசரமாக அடக்கம் செய்யப்பட்ட ஒவ்வொருவருக்கும் முழு ஆராதனை நடத்துங்கள். நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் பெயர்களைச் சத்தமாக வாசியுங்கள்.

கூடவே காகித வேலையையும் பாருங்கள். கொரோனா மரணத்துக்கு அரசு 2021இல் அறிவித்த 50,000 ரூபாய் நிவாரணத்துக்கு விண்ணப்பிக்கத் தெரியாத விதவைகள் எங்கள் சபையிலும் இருந்தார்கள். பரிசோதனை முடிவு, மருத்துவமனைச் சீட்டு, இறப்புச் சான்றிதழ் மூன்றையும் முதல் வாரத்திலேயே ஒரு கவரில் போட்டு வைக்கச் சொல்லுங்கள். கணினி தெரிந்த வாலிபர் ஒருவரை அவர்களோடு அனுப்புங்கள்.