ராப் வீடியோ எடுக்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

சென்னையில் சுயாதீனமாக ராப் செய்யும் பிள்ளைகளிடம் பாட்டுக்குப் பஞ்சமே இல்லை. வரிகளில் விஷயம் இருக்கிறது, சொல்லும் விதத்தில் கூர்மை இருக்கிறது. வீடியோவைப் பார்த்தால்தான் மனசு விட்டுப்போகிறது. இரவல் கார், புகை, ஊதா வெளிச்சம், தலைக்கு மேல் சுற்றும் ட்ரோன். பாடுகிற ஆள் யார், எந்தத் தெருவிலிருந்து பேசுகிறார் என்பது மூன்று நிமிடம் ஓடி முடிந்தும் தெரிவதில்லை.

சினிமாப் பாட்டில் குரல் ஒருவருடையது, முகம் இன்னொருவருடையது. அது நமக்குப் பழகிப்போன ஏற்பாடு. ராப்பில் குரலும் முகமும் ஒரே ஆள். வீடியோவில் நடக்கிற தவறுகளில் பெரும்பாலானவை இதை மறந்துவிடுவதால் வருபவைதான்.

முதலில் இடம். வடசென்னை என்றாலே சந்து, முறைக்கும் நாலு பேர், கையில் அரிவாள் என்று ஒரு வாய்ப்பாடு உருவாகிவிட்டது. அந்தத் தெருவில் பிறந்தவர்களே சினிமா காட்டிய அதே கண்ணால் தங்கள் தெருவைப் படம் பிடிப்பதுதான் வருத்தம். வியாசர்பாடியில் கேரம் போர்டு இருக்கிறது, கால்பந்து இருக்கிறது, காலை நேரத் தண்ணீர் லாரி இருக்கிறது. அதெல்லாம் எங்கே போனது? தென்சென்னைப் பக்கம் கண்ணகி நகரை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே குடியிருப்புச் சுவர்களில் 2020 வாக்கில் வரையப்பட்ட பிரம்மாண்டமான ஓவியங்கள் எந்தக் கேமராவையும் கூப்பிடும். ஆனால் நகரத்துக்குள்ளிருந்து அப்புறப்படுத்தப்பட்ட குடும்பங்கள் வாழும் இடம் அது. சுவரை மட்டும் எடுத்துக்கொண்டு ஆட்களை வெட்டிவிட்டால், அவர்களை இரண்டாவது முறையும் வெளியேற்றியது போல ஆகிவிடும்.

2021 மார்ச்சில் வந்த ‘என்ஜாய் எஞ்சாமி’ இதற்கு நேர்மாறான உதாரணம். தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டியின் வாழ்க்கையிலிருந்து ராப் பாடகர் அறிவு எழுதிய பாட்டு. அமித் கிருஷ்ணன் இயக்கிய அந்த வீடியோவில் அந்தப் பாட்டியே வருகிறார். பாட்டு யாரைப் பற்றியதோ அவருக்குப் படத்திலும் இடம் இருக்கிறது. அதற்குப் பெரிய பட்ஜெட் வேண்டும் என்று நினைக்காதீர்கள். உங்கள் பாட்டில் அம்மா வந்தால், அம்மாவிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

அனுமதி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரயில் நிலையம், தண்டவாளம் என்றால் ரயில்வேயிடம் கேட்காமல் போகாதீர்கள். ட்ரோனுக்கு 2021 விதிகள் இருக்கின்றன. வான்வெளி வரைபடத்தில் சிவப்பு மண்டலமாக இருந்தால் ஒன்றிய அரசின் அனுமதி இல்லாமல் பறக்கவிட முடியாது. ட்ரோன் ஷாட் இல்லாமலே நல்ல ராப் வீடியோ எடுக்கலாம் என்பதும் உண்மை. மேலிருந்து பார்த்தால் முகம் தெரியாதே!

அடுத்தது தோல் நிறம். இதில் எனக்குக் கோபமே வரும். கருத்த உடம்பைப் பற்றிப் பெருமையாகப் பாடிவிட்டு, கலர் கரெக்‌ஷனில் உட்கார்ந்து “ஸ்கின்னைக் கொஞ்சம் தூக்கிடலாமா” என்று நிறத்தை வெளுக்கச் சொல்லிக் கேட்கிறார்கள். தயவுசெய்து தூக்காதீர்கள். கருத்த முகத்துக்குத் தேவை பளிச்சென்ற விளக்கு இல்லை, பெரிய பரப்பிலிருந்து வரும் மென்மையான வெளிச்சம். முகத்துக்குப் பக்கவாட்டில் ஒரு வெள்ளைத் தெர்மாகோலைப் பிடித்தால் கன்னத்திலும் நெற்றியிலும் அந்த வெள்ளை மினுங்கும். அந்த மினுக்கம்தான் அழகு, அதைப் பவுடர் போட்டு அணைத்துவிடாதீர்கள். வெள்ளைச் சுவருக்கு முன்னால் நிறுத்திவிட்டுக் வெளிச்ச அளவைக் கேமராவே முடிவு செய்யும் ஆட்டோ முறையில் வைத்தால் சுவர் பிழைக்கும், முகம் கரியாகும். உச்சி வெயிலில் எடுத்தால் கண் இருக்கும் இடத்தில் இரண்டு குழிதான் தெரியும். விடிந்த கையோடு தொடங்கி ஒன்பது மணிக்குள் முடிப்பது நல்லது.

இனி உதடு. வாயை மட்டும் அசைப்பதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. முழுக் குரலில், ஸ்டுடியோவில் பாடிய அதே வேகத்தோடு பாட வேண்டும். அப்போதுதான் கழுத்து நரம்பு புடைக்கும், வரி முடிகிற இடத்தில் நெஞ்சு ஏறி இறங்கும். சும்மா வாயசைத்தால் குளோசப்பில் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

ஸ்லோமோஷன் வேண்டுமென்றால் கணக்குத் தெரிந்திருக்க வேண்டும். நொடிக்கு 24 ஃபிரேமில், அதாவது 24 படங்களாக வெளியிடும் வீடியோவுக்கு 48 ஃபிரேமில் எடுத்தால் அசைவு பாதி வேகத்துக்கு வந்துவிடும். உதடு பாட்டோடு சேர வேண்டுமானால் படப்பிடிப்பில் பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, அதற்கு ஈடுகொடுத்துப் பாட வேண்டும். கோரஸுக்கு இது சரிப்படும். வேகமான ராப் வரிகளுக்கு நாக்கு புரளாது. அங்கே 30 ஃபிரேம் வைத்துப் பாட்டை ஒன்றேகால் மடங்கில் ஓட்டுங்கள். உடம்பில் லேசான கனம் வரும், உதடும் தப்பாது. பல கேமராக்கள் ஸ்லோமோஷனில் ஒலியைப் பதிவு செய்வதில்லை. அதனால் எடிட்டிங்கில் உதட்டைப் பாட்டோடு பொருத்துவதற்காக, பாட்டு ஓடும் நேரத்தைப் போனில் காட்டி ஒவ்வொரு ஷாட்டின் தொடக்கத்திலும் லென்ஸ் முன்னால் பிடியுங்கள். இன்னொன்று, நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப் லைட்டுக்குக் கீழே எடுக்கும்போது ஷட்டர் வேகம் 1/50 அல்லது 1/100 நொடியில் இல்லையென்றால் படம் துடிக்கும்.

அப்புறம் எடிட்டிங். 90 பிபிஎம், அதாவது நிமிடத்துக்கு 90 தாள அடி ஓடும் பாட்டில் ஒவ்வொரு அடிக்கும் வெட்டினால் மூன்று நிமிடத்தில் 270 ஷாட். எந்த முகமும் ஒரு நொடி நிற்காது. தாளத்தைக் காது ஏற்கெனவே கேட்கிறது, கண்ணும் அதையே திருப்பிச் சொல்ல வேண்டியதில்லை. எதுகை விழும் இடத்திலோ, பாடகர் மூச்சு வாங்கும் இடத்திலோ வெட்டிப் பாருங்கள். ஒரு நல்ல வரியை வெட்டே இல்லாமல் முழுசாக விடுவதற்கும் துணிச்சல் வேண்டும். அருகில் இருப்பதைப் பெரிதாக்கி ஓரங்களை வளைத்துக் காட்டும் மீன்கண் லென்ஸும் இப்படித்தான். 1990களில் அமெரிக்க வீடியோ இயக்குநர் ஹைப் வில்லியம்ஸ் அதைப் பயன்படுத்தியபோது, பாடுபவர்கள் லென்ஸுக்குள் பாய்கிற மாதிரி உடம்பை வைத்துக்கொண்டார்கள். பத்தடி தள்ளி நின்று கையைக் கட்டிக்கொள்பவருக்கு அந்த லென்ஸ் எதற்கு?

கடைசியாக, கேமரா வாடகைக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னாலேயே பார்க்க வேண்டிய ஒன்று, நீங்கள் பாடுகிற பின்னணி இசையான பீட் உங்களுடையதுதானா? இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் பீட்டுகளில் பல, ஒரே நேரத்தில் பலருக்கு விற்கப்படுபவை. அதில் பாடிய வேறொருவர் தன் பாட்டுக்கான உரிமையை முந்திக்கொண்டு பதிவு செய்திருந்தால், யூடியூபில் உங்கள் வீடியோ மேல் உரிமைக்கோரல் விழலாம், வருமானமும் கைவிட்டுப் போகலாம். பழைய சினிமா இசைத் துணுக்கை எடுத்தாலும் இதே கதைதான். உங்களுக்கு மட்டுமே உரிய உரிமமா, வீடியோவுக்கும் செல்லுமா என்பதை எழுத்தில் வாங்கி வையுங்கள். பாட்டு வெளியாகிப் பரவிய பிறகு போய்க் கேட்டால் விலை பேசும் பலம் உங்கள் பக்கம் இருக்காது.