பனிச்சறுக்குக்குக் கையுறை வாங்கும் முன்

தடிமனான கையுறை போட்டும் விரல் விறைக்கிறதா? பெரும்பாலும் உறை இறுக்கமாக இருக்கும், இல்லையென்றால் உள்ளே ஈரம் சேர்ந்திருக்கும். மைனஸ் 10 டிகிரிக் குளிரில் மணிக்கு 40 கி.மீ. வேகக் காற்று பட்டால், தோலுக்கு அது மைனஸ் 21 போல உறைக்கும். சரிவில் இறங்கும்போது அந்தக் காற்றை நாமே உண்டாக்கிக்கொள்கிறோம்.

1. கையை அளந்துகொள்ளுங்கள். கட்டைவிரலை விட்டுவிட்டு, விரல்கள் தொடங்கும் முட்டிகளைச் சுற்றி டேப் வைத்து அளக்க வேண்டும். பல நிறுவனங்களின் அளவு எண், இந்தச் சுற்றளவின் அங்குலக் கணக்குதான். 20 செ.மீ. வந்தால் ஏறக்குறைய 8. ஆனாலும் அந்தந்த நிறுவனத்தின் அட்டவணையை ஒருமுறை பாருங்கள்.

2. ஐவிரல் உறையா, மிட்டனா? மிட்டனில் நான்கு விரலும் ஒரே கூட்டில் ஒன்றையொன்று சூடாக்கும். குளிர்காற்று படும் பரப்பும் குறைவு. எளிதில் விரல் விறைப்பவர்கள் யோசிக்காமல் அதையே வாங்கலாம். கொக்கி மாட்ட, ஜிப் இழுக்க ஐவிரல் உறைதான் வசதி.

3. உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். இறகு அடைத்தது எடை குறைவு, நல்ல சூடு. நனைந்தால் அமுங்கிப் பயனற்றுப்போகும். புதிதாகக் கற்பவர் அடிக்கடி பனியில் விழுந்து கையூன்றுவார், அதனால் செயற்கை இழை அடைத்ததே மேல். வெளித்துணிக்கும் அடைப்புக்கும் நடுவே நீர்புகாச் சவ்வு கட்டாயம் இருக்கட்டும். கையுறைக்கு உள்ளே தனியாகப் போடும் மெல்லிய லைனர் மெரினோ கம்பளியாகவோ பாலியெஸ்டராகவோ இருக்க வேண்டும். பருத்தி வேண்டவே வேண்டாம். வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு கையைக் குளிரவைக்கும்.

4. லைனரோடு போட்டுப் பாருங்கள். விரல் நுனிக்கு முன்னால் அரை செ.மீ. இடம் வேண்டும். முஷ்டி மடக்கினால் முட்டியில் துணி இழுக்கக் கூடாது. இழுத்தால் அடைப்பு நசுங்கி அதிலுள்ள காற்று வெளியேறும், ரத்த ஓட்டமும் குறையும். அந்தக் காற்றுதானே சூட்டைப் பிடித்துவைக்கிறது! ரொம்பத் தொளதொளவென்று இருந்தாலும் சறுக்குக்கோல் பிடியில் நிற்காது.

5. மணிக்கட்டு. நீளக் கழுத்துள்ள உறை ஜாக்கெட் கைக்கு மேலே ஏறும், குட்டையானது உள்ளே போகும். உங்கள் ஜாக்கெட்டையும் கடைக்கு எடுத்துப்போங்கள். உறை கையோடு தொங்கும்படி வார் இருந்தால், சரிவின் மேலே ஏற்றிச்செல்லும் கம்பிவட லிஃப்டிலிருந்து கீழே விழாது.

நனைந்த உறையை ஹீட்டர் மேல் போடாதீர்கள், உறையிலுள்ள தோல் பகுதி விறைத்து வெடிக்கும். காற்றோட்டமான இடத்தில் வாய் விரித்து வையுங்கள். லைனர் மட்டும் இரண்டு ஜோடி இருக்கட்டும். மதியம் ஈரமானதைக் கழற்றி உலர்ந்ததை மாட்டிக்கொள்ளலாம்.