தன்வரலாற்றில் விழுமியம் தேடுகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

ஒரு தன்வரலாற்றைப் படித்துவிட்டு ‘ஆசிரியர் நேர்மையானவர், எளிமையானவர்’ என்று எழுதிவிடுவது சுலபம். அந்த வரியை எந்தப் புத்தகத்துக்கும் ஒட்டலாம் என்பதுதான் அதன் கோளாறு.

காந்தியின் ‘சத்திய சோதனை’யில் பலரும் எடுத்துக்காட்டும் பள்ளிச் சம்பவத்தையே பாருங்கள். பள்ளியைச் சோதிக்க வந்த ஆய்வாளர் ஐந்து ஆங்கிலச் சொற்களை எழுதச் சொல்கிறார். சிறுவன் காந்தி ‘கெட்டில்’ என்ற சொல்லைப் பிழையாக எழுதுகிறான். பக்கத்துப் பையனின் சிலேட்டைப் பார்த்து எழுதும்படி வகுப்பு ஆசிரியர் பூட்ஸ் நுனியால் சைகை காட்டுகிறார். இதை ‘ஆசையை வென்ற நேர்மை’ என்று எழுதுவார்கள். ஆனால் ஆசிரியர் காப்பியடிக்கச் சொல்கிறார் என்பதே அப்போது தனக்குப் புரியவில்லை என்கிறார் காந்தி. ஆசையே எழாத இடத்தில் எதை வென்றார்? பின்னாலும் அந்த ஆசிரியர் மேலிருந்த மதிப்பு குறையவில்லை, பெரியவர்களின் குறை தன் கண்ணில் படாது என்கிறார். ஆக, இங்கே வெளிப்படுவதில் பாதி நேர்மை, பாதி பெரியவர்களிடம் வைத்த பணிவு.

ஒரு சம்பவத்துக்கு ஒரு விழுமியம் என்று கணக்குப் போடுவதும் இதே வகைத் தவறு. 1898இல் டர்பன் வீட்டில், ஒரு குமாஸ்தாவின் மலசலப் பானையைக் கழுவுவதில் கஸ்தூரிபாவுக்கும் காந்திக்கும் சண்டை வருகிறது. அந்தக் குமாஸ்தா, தீண்டத்தகாதவர்களாக நடத்தப்பட்ட பஞ்சமப் பெற்றோருக்குப் பிறந்த கிறிஸ்தவர். கஸ்தூரிபா அழுதுகொண்டே சுமக்கிறார். சிரித்த முகத்தோடு செய்ய வேண்டும் என்று அதட்டிய காந்தி, அவர் கையைப் பிடித்து வாசல்வரை இழுத்துப் போகிறார். தீண்டாமை எதிர்ப்பும் கணவன் அதிகாரமும் இங்கே ஒரே கையில் இருக்கின்றன. ஒன்றை மட்டும் எழுதினால் பாதி சம்பவம் காணாமல் போகும்.

எல்லாவற்றையும்விட அதிகமாக நடப்பது, அன்று நடந்துகொண்டவரையும் இன்று எழுதுகிறவரையும் ஒருவராக்கிவிடுவது. உ.வே.சாமிநாதையர் 1880இல், கும்பகோணத்தில், முன்சீபாக (கீழ்நிலை நீதிபதியாக) இருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்திக்கிறார். தாம் பாடம் கேட்ட அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை எனப் பெரிய பட்டியல் போடுகிறார். முதலியார் அசரவில்லை, சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்கிறார். அப்போது பட்டியல் சொன்னவருக்கு வயது 25. ‘என் சரித்திர’த்தை ஆனந்த விகடனில் 1940 முதல் எழுதியவரோ, 1887இல் சிந்தாமணியைப் பதிப்பித்து முடித்த, 80 கடந்த முதியவர். தம் பட்டியல் எடுபடாமல் போனதை மறைக்காமல் வைத்தது அந்த முதியவரின் தேர்வு. அவருடைய விழுமியத்துக்கு அந்தத் தேர்வே சாட்சி.

இதைப் பிரித்தறிய ஒரு தாளை நடுவில் மடியுங்கள். இடப்பக்கம் ‘அன்று செய்தது’, வலப்பக்கம் ‘இன்று சொல்வது’. ‘அக்காலத்தில்’, ‘இப்போது நினைத்தால்’ போன்ற சொற்கள் வரும் வாக்கியங்களை வலப்பக்கம் எழுதுங்கள். கீழே ஒரே கேள்வி: இதைச் சொன்னதால் நூலாசிரியருக்கு என்ன நஷ்டம்? பதில் ‘ஒன்றுமில்லை’ என்றால் அந்தச் சம்பவத்தை முதல் சான்றாக வைக்காதீர்கள்.

சொல்லாமல் விட்டதை வைத்து முடிவு கட்டும்போது இன்னும் நிதானம் வேண்டும். 1920களின் தொடக்கத்தோடு நூலை முடித்தது காந்தியே எடுத்த முடிவு. அதற்கு மேல் தன் வாழ்க்கை ஊரறிந்தது என்று காரணமும் சொல்கிறார். ‘என் சரித்திரம்’ பாதியில் நிற்பதோ 1942இல் உ.வே.சா. மறைந்ததால். இரண்டு மௌனத்தையும் ஒரே தராசில் வைக்க முடியாது.