இரண்டு காதுகளாலும் மோர்ஸ் கேட்பது எப்படி?

கும்பகோணம் பேருந்து நிலையத்தில் மாலை வேளையில், மன்னார்குடி, மயிலாடுதுறை, நீடாமங்கலம் என்று நடத்துநர்கள் ஒரே சமயத்தில் கூவினாலும், தம் ஊருக்கான குரலை மட்டும் பிடித்துக்கொள்வதில் யாருக்கும் சிரமம் இருப்பதில்லை. ஒரு காதைக் கையால் பொத்திக்கொண்டால், அதே குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கலங்கிவிடுகின்றன. ஹாம் எனப்படும் பொழுதுபோக்கு வானொலியில் மோர்ஸ் (நீண்டதும் குறுகியதுமான ஒலிகளாலான தந்திக் குறி) கேட்பவர்களில் பெரும்பாலோர் அப்படிப் பொத்திய காதுடன்தான் கேட்டு வருகிறோம். ஹெட்போன் இரண்டு காதுகளிலும் இருந்தாலும், இரண்டிலும் ஒரே ஒலி விழுவதால், எல்லா நிலையங்களும் தலையின் நடுவே ஒரே இடத்தில் குவிகின்றன. அந்தக் குவியலைப் பிரித்து, நிலையத்துக்கு நிலையம் சற்றே வேறுபடும் ஒவ்வொரு சுருதிக்கும் இடமிருந்து வலமாக ஓர் இருப்பிடம் கொடுப்பதே இருசெவி முறை.

பக்கவாட்டிலிருந்து வரும் ஒலி, அருகிலுள்ள காதை முதலிலும் மற்றதை ஏறத்தாழ 0.65 மில்லி விநாடி கழித்தும் அடைகிறது. சுமார் 1500 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலிகளில், இந்தச் சிறு காலவேறுபாட்டைக் கொண்டே மூளை திசையை அறிகிறது. 1907-இல் இயற்பியலாளர் ரேலீ பிரபு இதை விளக்கினார். மோர்ஸின் சுருதி இந்த எல்லைக்குள் அடங்குவது நமக்குக் கிடைத்த வசதி. ஒரு காதுக்குச் செல்லும் ஒலியை அளவறிந்து தாமதப்படுத்தினால் போதும், இல்லாத திசையை மூளை உண்டாக்கிக்கொள்ளும்.

அந்த அளவு எவ்வளவு என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். அரை மில்லி விநாடி தாமதம் கொடுத்தால் எல்லா நிலையங்களும் சேர்ந்து ஒரே பக்கமாக ஒதுங்கும், அதனால் பயனில்லை. நாம் விரும்பும் சுருதியின் ஒரு முழு அலைக்கு ஆகும் காலத்தையே தாமதமாகக் கொடுக்க வேண்டும். 600 ஹெர்ட்ஸ் என்றால் அது 1.67 மில்லி விநாடி. இடது காதுக்குச் செல்லும் ஒலியை அந்த அளவு தாமதப்படுத்தும்போது, 600 ஹெர்ட்ஸ் ஒலி இரண்டு காதுகளிலும் மறுபடி ஒத்துப்போவதால் நடுவிலேயே நிற்கும். 700 ஹெர்ட்ஸ் ஒலி இடது காதில் 60 பாகை பின்தங்குவதால் வலப்புறம் தோன்றும். 500 ஹெர்ட்ஸ் ஒலி அதே 60 பாகை முந்துவதால் இடப்புறம் தோன்றும். ஆர்மோனியக் கட்டைகளைப் போலத் தாழ்ந்த சுருதி இடத்திலும் உயர்ந்த சுருதி வலத்திலும் அமைந்துவிடும். 300, 900 ஹெர்ட்ஸை எட்டும்போது வேறுபாடு அரைச் சுற்றாகிவிடுவதால், இடம் எதுவென்று காது தடுமாறும். ஆகையால் ரிசீவரில் எவ்வளவு அகலத்துக்குச் சுருதிகளை உள்ளே விடுவது என்று வரையறுக்கும் ஃபில்டரின் அகலத்தை 500 ஹெர்ட்ஸ் அளவில் வைத்து, சுருதியை 600-இல் நிறுத்துவது நல்லது.

முதலில் ஒலிப்பதிவில் பழகுவதே என் பரிந்துரை. நவம்பரின் கடைசி முழு வார இறுதியில் நடக்கும் உலகளாவிய ஹாம் போட்டியான சிக்யூ டபிள்யூடபிள்யூ மோர்ஸ் போட்டியின்போது 7 மெகாஹெர்ட்ஸில் பத்து நிமிடம் பதிவு செய்துகொண்டால், அதைவிடச் சிறந்த பயிற்சிப் பொருள் கிடைக்காது. ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் விநாடிக்கு 48,000 மாதிரி வேகத்தில் அந்தப் பதிவைத் திறந்து, டிராக்கை இரட்டித்து, ஒன்றின் தொடக்கத்தில் 80 மாதிரி நீளத்துக்கு மௌனத்தைச் செருகுங்கள். 48,000-ஐ 600-ஆல் வகுத்தால் வருவது இந்த 80. மௌனம் சேர்த்த டிராக்கை முழுவதும் இடப்பக்கமும் மற்றதை முழுவதும் வலப்பக்கமும் தள்ளிவிட்டுக் கேளுங்கள். நேரடியாகக் கேட்பதற்கு க்னூ ரேடியோ என்ற மென்பொருளில் ஒலி உள்ளீட்டிலிருந்து இரண்டு கிளை பிரித்து, இடது கிளையில் மட்டும் 80 மாதிரி தாமதக் கட்டம் ஒன்றை வைத்தால் வேலை முடிந்தது. எலக்ராஃப்ட் கே3 என்ற ஹாம் கருவியில் ஏஎஃப்எக்ஸ் என்ற பெயரில் இதற்கு நெருங்கிய வசதி உள்ளேயே இருக்கிறது.

ஹெட்போன் கம்பியுள்ளதாகவும் இரு பக்கமும் ஒத்த தரமுள்ளதாகவும் இருக்கட்டும். ஒரு பக்கத்துக் கம்பிகள் தலைகீழாக இணைக்கப்பட்டிருந்தால் நடுவில் நிற்க வேண்டிய ஒலி இடமில்லாமல் பரவும். இரு காதுக்கும் ஒரே ஒலியைக் கொடுத்து இதை முன்கூட்டியே சரிபார்த்துவிட வேண்டும். ஃபில்டரை அகலமாக வைத்திருப்பதால், பக்கத்திலுள்ள வலுவான நிலையம் ஒவ்வொரு முறை ஒலிக்கும்போதும், ஒலியளவைத் தானாகச் சமப்படுத்தும் ஏஜிசி நாம் கேட்கும் நிலையத்தையும் சேர்த்து அமுக்கும். ஏஜிசியை நிறுத்தி, ரிசீவரின் உணர்திறனைக் கூட்டிக் குறைக்கும் ஆர்எஃப் கெயினைக் கையால் குறைத்து வைத்துக்கொள்வதே இதற்கு வழி. ஆனால் காதைக் காக்க ஓர் ஒலிவரம்பி கட்டாயம் இருக்க வேண்டும்.

காவிரி டெல்டாவில் வாழும் நமக்கு இந்த அகன்ற ஃபில்டரால் இன்னொரு நன்மையும் உண்டு. வடகிழக்குப் பருவமழைக் காலத்து இடிமின்னல் வெடிப்பு, குறுகிய ஃபில்டருக்குள் நுழைந்ததும் மணியடித்தாற்போல் நீண்டு ஒலித்து, மோர்ஸின் குறுகிய ஒலியான ‘டிட்’ போலவே நடிக்கும். அகன்ற ஃபில்டரில் அது வெறும் சொடுக்காகக் கடந்துபோகிறது. வேதாரண்யம், நாகப்பட்டினம் கடலோரத்தில் மின்கம்பி இன்சுலேட்டர்களில் உப்புப் படிந்து எழும் இரைச்சலுக்கு இந்த உறுதியைத் தர இயலாது. அது எல்லாச் சுருதிகளிலும் பரவியிருப்பதால், நம் நிலையத்தின் சுருதியிலேயே விழும் பகுதி அதனுடன் நடுவில்தான் நிற்கும். ஒரே ஆன்டெனாவிலிருந்து வரும் ஒலியில் இல்லாத செய்தியை எந்தத் தாமதமும் சேர்க்காது. அதற்கு, தென்னைகளுக்கிடையே செங்குத்துக் கம்பி ஒன்றும் படுக்கைக்கம்பி ஒன்றும் கட்டி, ஒரே ஆசிலேட்டரில் இயங்கும் இரண்டு ரிசீவர்களைக் காதுக்கொன்றாக இணைக்க வேண்டும்; செலவும் உழைப்பும் கூடுதல்.

கைக்கு வந்துவிட்டதா என்று சோதிக்க 14.100 மெகாஹெர்ட்ஸ் இருக்கிறது. உலகெங்கும் பரவிய 18 பீக்கன்கள் (தானாக இயங்கும் சோதனை நிலையங்கள்) அங்கே ஆளுக்குப் பத்து விநாடியாக, மூன்று நிமிடச் சுற்றில் ஒலிக்கின்றன. ஒவ்வொன்றும் நிலையத்தின் பெயரான தன் அழைப்புக்குறியையும், கோடு எனப்படும் நீண்ட ஒலிகளில் முதலாவதையும் 100 வாட்டிலும், அடுத்த மூன்று கோடுகளை முறையே 10, 1, 0.1 வாட்டிலும் அனுப்பும். பட்டியலில் இலங்கையின் 4எஸ்7பி உண்டு என்றாலும், அது மிக அருகில் இருப்பதாலேயே அலை நம் தலைக்குமேல் தாண்டிவிடக்கூடும். ஹாங்காங்கின் விஆர்2பி, பின்லாந்தின் ஓஎச்2பி போன்ற தொலைநிலையங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்றைச் சாதாரண முறையிலும் அடுத்த சுற்றை இருசெவி முறையிலும் கேட்டு, எத்தனை கோடுகள் வரை காதில் விழுந்தன என்று குறித்துவையுங்கள். நெரிசல் இல்லாத அந்த அலைவரிசையில் வேறுபாடு சிறிதாகவே தெரியும். அன்றிரவே 7 மெகாஹெர்ட்ஸின் அடிப்பகுதிக்கு இறங்கி, மூன்று நிலையங்கள் ஒன்றாக ஒலிக்கும் இடத்தில் தாமதத்தைப் போட்டும் எடுத்தும் பாருங்கள். நடுவில் இருப்பவரின் அழைப்புக்குறியை மட்டும் எழுத முடிகிறதா என்பதே உண்மையான அளவுகோல்.