சென்டர் பின் காமிக்ஸும் தொடர்கதை பைண்டும்: வீட்டில் ஸ்கேன் செய்யும் முறை

பரணிலிருந்து இறக்கிய முத்து காமிக்ஸ், ராணி காமிக்ஸ், வார இதழ்களிலிருந்து கிழித்துச் சேர்த்துத் தைத்த தொடர்கதை பைண்டு: இவற்றில் பெரும்பாலானவை மலிவான நியூஸ்பிரிண்ட் தாளில் அச்சானவை. மரக்கூழில் இருக்கும் லிக்னின் காற்றும் வெளிச்சமும் பட்டுச் சிதையும்போது அமிலம் உண்டாகிறது. தாள் பழுப்பேறி, மடித்தால் அப்பளமாக நொறுங்குகிறது. அப்படிப்பட்ட தாளை இரண்டாம் முறை பிரிக்கவே முடியாமல் போகலாம். அதனால் அழகுபடுத்தும் வேலையெல்லாம் பிறகு. முதல் ஸ்கேனில் தாளில் உள்ளது உள்ளபடி முழுதாக வந்துவிட வேண்டும்.

தொடங்குமுன் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் தேடிப் பாருங்கள். ஈழத்து இதழ் என்றால் ‘நூலகம்’ என்ற இணையதளத்தில். ஏற்கெனவே நல்ல ஸ்கேன் அங்கே இருந்தால், கிடைக்காத இதழிலிருந்து ஆரம்பிக்கலாம்.

பூச்சியும் பின்னும்

ராமபாணப் பூச்சியோ புழுவோ தெரிந்தால் அந்த இதழ்களைப் பிளாஸ்டிக் பைக்குள் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 18 டிகிரிக்குப் போகும் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காதீர்கள். ஒரு நாள் அப்படியே விட்டால்தான் உள்ளே தண்ணீர் கோக்காது. பூஞ்சை பிடித்தவற்றைத் தனியே பிரித்து நிழலில், ஃபேன் காற்றில் உலர்த்த வேண்டும். வெயிலில் வைத்தால் தாள் இன்னும் பழுக்கும். காய்ந்த பூஞ்சையையும் தூசியையும் மாஸ்க் போட்டுக்கொண்டு, ஒரு அங்குல பெயின்ட் பிரஷ்ஷால், நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளுங்கள். கிழிசலுக்கு செலோ டேப் ஒட்ட வேண்டாம். அதன் பசை சில ஆண்டுகளில் மஞ்சளாகி எழுத்துக்குள் இறங்கிவிடும்.

சென்டர் பின் துருப்பிடித்திருந்தால் வெளிப்பக்கமாகப் பிடித்து இழுக்காதீர்கள். துரு தாளோடு ஒட்டியிருக்கும், துளையோடு பிய்த்துக்கொண்டு வரும். இதழை நடுப்பக்கத்தில் விரித்து, மடங்கியிருக்கும் பின்னின் கால்களுக்கு அடியில் ஒரு துண்டு பிளாஸ்டிக் ஷீட்டைச் செருகி, வெண்ணெய்க் கத்தியின் முனையால் ஒவ்வொரு காலையும் நிமிர்த்துங்கள். பிறகு வெளிப்பக்கத்திலிருந்து நேராக எடுங்கள்.

பின் கழற்றிய தாள்களில் பக்க வரிசை குழப்பும். 64 பக்க இதழில் வெளித்தாளின் ஒரு புறம் 64-உம் 1-உம், மறுபுறம் 2-உம் 63-உம் இருக்கும். எந்தப் புறத்தை எடுத்தாலும் இரண்டு எண்களின் கூட்டுத்தொகை 65. கூட்டல் தவறினால் தாள் இடம் மாறியிருக்கிறது, அல்லது உள்ளே ஒரு தாளே இல்லை. அட்டைக்குப் பக்க எண் கிடையாது. அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

தொடர்கதை பைண்டில் சிக்கல் வேறு. பக்கவாட்டில் துளையிட்டு இறுக்கித் தைத்திருப்பார்கள். வரியின் முதல் எழுத்துகள் மடிப்புக்குள் போய்விடும். பைண்டிங் கடையில் கொடுத்துக் கட்டிங் மெஷினில் முதுகை வெட்டச் சொல்வது மோசமான யோசனை, உள்ளே விளிம்பே இல்லாததால் பிளேடு எழுத்தையும் சேர்த்தே தின்னும். தையல் நூலை மட்டும் பிளேடால் அறுத்து எடுங்கள்.

ஸ்கேனர்

யூஎஸ்பி வயரிலேயே மின்சாரம் எடுக்கும் மெல்லிய ஸ்கேனர்கள், கேனான் லைட் (LiDE) வரிசை போன்றவை, சிஐஎஸ் (CIS) வகை; படம் பிடிக்கும் உணரி கண்ணாடியை ஒட்டியே இருக்கும். கண்ணாடியை ஒட்டியிருக்கும் தாள்தான் அவற்றில் கூர்மையாக விழும். சில மில்லிமீட்டர் தூக்கினாலே மங்கும். தனித்தனித் தாளுக்கு அது போதும். பிரிக்க முடியாத பைண்டுக்கு எப்சன் வி600 போன்ற, லென்ஸ் வைத்துப் படம் பிடிக்கும் சிசிடி (CCD) வகை வேண்டும். மடிப்பருகே தாள் தூக்கியிருந்தாலும் எழுத்து தெரியும். தாளைத் தானே இழுத்துக்கொள்ளும் ஃபீடர் பக்கமே போகாதீர்கள். நொறுங்கும் தாள் அதில் சிக்கினால் கதை முடிந்தது.

தாளுக்குப் பின்னால் கறுப்பு சார்ட் ஒன்றை வைத்து மூடுங்கள். மூடியின் வெள்ளை நிறம் ஒளியைத் திருப்பி அனுப்புவதால்தான் பின்பக்கத்து அச்சு இந்தப் பக்கத்தில் நிழலாடுகிறது. சார்ட் வைத்தால் பக்கம் கொஞ்சம் இருண்டு தெரியும், பிறகு சரிசெய்துகொள்ளலாம்.

பக்கத்துக்குப் பக்கம் வெளிச்ச அளவைத் தானே மாற்றும் ஆட்டோ எக்ஸ்போஷரை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் கறுப்பு நிறைந்த இரவுக் காட்சிப் பக்கம் வெளுத்தும், அடுத்த பக்கம் இருண்டும் வந்து நிற்கும். ஒரு சராசரிப் பக்கத்தில் அளவுகளை வைத்து, அதையே முழு இதழுக்கும் பூட்டுங்கள்.

வெறும் எழுத்துப் பக்கத்துக்கு 300 டிபிஐ (ஓர் அங்குலத்தில் எத்தனை புள்ளி என்ற அளவு), பொடி எழுத்துக்கு 400, காமிக்ஸுக்கு 600. கறுப்பு வெள்ளைக் காமிக்ஸைக் கிரேஸ்கேலில், அதாவது இடைப்பட்ட சாம்பல் நிறங்களும் பதியும் முறையில், எடுங்கள். நேராகப் பிளாக் அண்ட் ஒயிட் முறையில் எடுத்தால் மெல்லிய தூரிகைக் கோடுகள் அறுந்துபோகும். 5-க்கு 7 அங்குலப் பக்கம் 600 டிபிஐ கிரேஸ்கேலில், சுருக்காத நிலையில், ஏறக்குறைய 12.6 எம்பி. 64 பக்கம் 800 எம்பியைத் தாண்டும். வண்ணம் என்றால் அதைப்போல் மூன்று மடங்கு. டிஃப் (TIFF) கோப்பாக எல்இசட்டபிள்யூ (LZW) சுருக்கத்தில் வைத்தால் தரம் குறையாது.

வண்ண அட்டையில் அலையலையாகக் கட்டம் தெரிந்தால் அது அச்சுப்புள்ளிகளும் ஸ்கேனரின் புள்ளிகளும் மோதுவதால் வருவது. எப்சன் மென்பொருளில் டீஸ்கிரீன் என்ற தேர்வில் செய்தித்தாளுக்கு 85, பத்திரிகைக்கு 133 என்று, அங்குலத்துக்கு எத்தனை அச்சுப்புள்ளி வரிசை என்ற கோட்டளவு கொடுத்திருப்பார்கள். ஆனால் மூலக் கோப்பில் அதைப் போடாமல் இருப்பதே நல்லது. 600-இல் எடுத்து, நகலை லேசாக மங்கலாக்கி 300-க்குக் குறைத்தாலே பெரும்பாலும் அலை போய்விடும்.

கைபேசிதான் இருக்கிறதா? 12 மெகாபிக்சல் கேமராவில் ஏ4 பக்கம் ஒன்று சட்டத்தை நிறைத்தால் சுமார் 340 டிபிஐ கிடைக்கும். இரண்டு பக்கத்தை ஒன்றாக எடுத்தால் 240-தான். ஸ்டாண்டில் மாட்டி, இரு பக்கமும் 45 டிகிரியில் விளக்கு வையுங்கள். ஃபிளாஷ் வேண்டாம். படத்தில் குறுக்கே பட்டை பட்டையாக விழுந்தால் எல்இடி விளக்கின் துடிப்புதான் காரணம், வேறு விளக்கை மாற்றுங்கள். ஃபேனை நிறுத்த மறந்துவிடாதீர்கள்.

புள்ளியைத் தின்னும் மென்பொருள்

பக்கத்தைப் பிரிக்க, நேராக்க, விளிம்பு வெட்ட இலவசமான ஸ்கேன் டெய்லர் போதும். அதில் டெஸ்பெக்கிள் என்றொரு வசதி தானாகவே இயங்கும். தூசிப் புள்ளிகளைத் துடைப்பது அதன் வேலை. பழுப்புத் தாளில் இருக்கும் தூசிக்கும் ‘க்’ மேலே இருக்கும் புள்ளிக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. ‘பக்கம்’ ‘பககம’ ஆகிவிடும். காமிக்ஸில் புள்ளி வைத்துப் போட்ட நிழலும் காணாமல் போகும். அதை அணைத்துவிட்டு, வெளியீட்டை 600 டிபிஐயில் வையுங்கள்.

பழுப்பைக் குறைக்கும்போது, ‘இதுதான் வெள்ளை’ என்று மென்பொருளுக்குக் காட்டும் வெள்ளைப் புள்ளியை ஓர விளிம்பில் தொட்டு எடுக்கக் கூடாது. காற்றுப் படும் ஓரம்தான் அதிகம் பழுத்திருக்கும். அதை வெள்ளை என்று சொன்னால் நடுப்பக்கம் நீலம் பாய்ந்துவிடும். பேச்சு பலூனுக்குள் இருக்கும் வெற்றிடத்தை எடுங்கள். முழு வெள்ளையாக்கவும் வேண்டாம்; இளம் மஞ்சள் கண்ணுக்கு இதம்.

படத்திலுள்ள எழுத்தைத் தேடக்கூடிய எழுத்தாக மாற்றும் எழுத்துணரிக்கு (OCR), டெஸராக்ட் என்ற மென்பொருளின் தமிழ்த் தரவு இருக்கிறது. 1978-இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்ததற்கு முந்தைய இதழ்களில் அது தடுமாறும்: தும்பிக்கை போட்ட ணை, லை, ளை, னை, சுழித்து எழுதிய ணா, றா, னா, இவற்றின் ஒகர ஓகார வடிவங்கள் என 13 எழுத்துகள். அச்சான பக்கம் மாறாமல் படமாகவே இருக்க, தேடலுக்கு ஒரு எக்செல் பட்டியல் போடுவது வேலை குறைவு: இதழ், தேதி, தொடர், எழுதியவர், வரைந்தவர், பக்கம். கோப்புப் பெயரில் ஆண்டு, மாதம், தேதி, பிறகு 001, 002 என்று மூன்று இலக்க எண். 1, 2, 10 என்று வைத்தால் சில செயலிகளில் 10 இரண்டுக்கு முன்னால் வந்து நிற்கும்.

படிப்பதற்கு ஜேபெக் நகல்களை ஜிப் செய்து, கோப்பு நீட்டிப்பைச் சிபிஇசட் (.cbz) என்று மாற்றினால் எந்தக் காமிக்ஸ் செயலியிலும் திறக்கும். மூலக் கோப்புகளை இரண்டு ஹார்ட் டிஸ்கில் வைத்து, ஒன்றை வேறு வீட்டில் கொடுத்து வையுங்கள். இவை சொந்தப் படிப்புக்கு. இந்தியாவில் படைப்பாளி மறைந்து 60 ஆண்டுவரை உரிமை இருக்கிறது. எழுத்து நாட்டுடைமை ஆனாலும் உடன் வந்த ஓவியம் தனி உரிமை.

அசலைக் கட்டுமுன் கோப்புகளின் எண்ணிக்கையைப் பக்க எண்ணிக்கையோடு ஒப்பிட்டு, நான்கைந்து பக்கங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். விடுபட்டிருந்தால் தாள் இன்னும் கையில் தனித்தனியாக இருக்கிறது. எல்லாம் சரியென்றால் பழைய பின் துளைகளிலேயே பருத்தி நூலைக் கோத்து முடிச்சுப் போட்டுவிடலாம். புதுப் பின் அடிக்க வேண்டாம்.