பள்ளிக்கு நடந்தும் சைக்கிளிலும் செல்லும் பிள்ளைகளுக்கு வழியைப் பாதுகாப்பாக்குவது எப்படி?

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பதினொன்றாம் வகுப்புப் பயிலும் மாணவர்களுக்கு விலையில்லா மிதிவண்டி கிடைத்துவிடுகிறது. அது ஓட வேண்டிய சாலையைப் பிள்ளைகளுக்கு ஏற்றதாக மாற்றும் பொறுப்பைத்தான் பெரும்பாலான ஊர்களில் யாரும் எடுத்துக்கொள்வதில்லை. “பார்த்துப் போ” என்று சொல்லி அனுப்புவது போதாது. எதிரே வரும் வண்டியின் வேகத்தையும் தூரத்தையும் சேர்த்துக் கணிக்கும் திறன் பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு இன்னும் முழுமையாக வந்திருக்காது. ஆகவே பிள்ளைக்குப் புத்தி சொல்வதற்கு முன்னால் வழியைச் சரிசெய்ய வேண்டும்.

முதலில், பள்ளி நடக்கும் நாளொன்றில், மணி அடிப்பதற்கு அரை மணி நேரம் முன்பாகப் பிள்ளையோடு அந்த வழியில் நடந்து பாருங்கள். விடுமுறை நாளில் பார்த்தால் உண்மை நிலை தெரியாது. சாலையைக் கடக்கும் இடத்தில் குத்தவைத்து, பிள்ளையின் கண் உயரத்திலிருந்து இருபுறமும் பாருங்கள். ஓரத்தில் நிற்கும் வேனும் கடையின் விளம்பரப் பலகையும் அப்போதுதான் சுவர்களாகத் தெரியும்.

தார் விளிம்பையும் கவனியுங்கள். பழைய தாரின் மேலேயே திரும்பத் திரும்பத் தார் போடுவதால் சாலை உயர்ந்து, பக்கத்து மண் ஓரம் சாண் ஆழத்துக்குக் கீழே போயிருக்கும் இடங்கள் பல. பின்னால் லாரி ஹாரன் அடித்ததும் பிள்ளை சைக்கிளை மண்ணில் இறக்குகிறது. திரும்ப ஏறும்போது முன்சக்கரம் விளிம்பில் உரசி, சாலையின் பக்கமாகவே சாய்கிறது. கிராவல் கொட்டித் தார் மட்டத்துக்கு ஓரத்தை உயர்த்துவதும், சாலைக்குள் நீண்டு வளர்ந்த சீமைக்கருவேலத்தை வெட்டுவதும் பெரிய செலவில்லாத வேலைகள். ஆபத்தான ஒவ்வோர் இடத்தையும் அடையாளத்தோடு எழுதி, படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, சாலை யாருடையது என்று அறிய வேண்டும். கிலோமீட்டர் கல்லின் தலை மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சையாக இருந்தால் மாநில நெடுஞ்சாலை. மற்றச் சாலைகளுக்கு ஊராட்சி அலுவலகத்திலோ நகராட்சியிலோ கேட்கலாம். தனி ஒருவரின் மனுவைவிடப் பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானத்துக்கு வலு அதிகம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அக்குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். ஊராட்சிச் சாலையென்றால் கிராம சபையிலும் தீர்மானம் நிறைவேற்றுங்கள். மாவட்ட ஆட்சியரகத்தில் திங்கள்கிழமை நடக்கும் குறைதீர் கூட்டத்தில் மனுவைக் கொடுத்து, ஒப்புகை பெற்றுக்கொள்ளுங்கள்.

மனுவில் “வேகத்தடை வேண்டும்” என்று மட்டும் எழுதாதீர்கள். உள்ளூரில் அவசரமாகப் போடப்படும் குறுகலான, செங்குத்தான மேடுகள் சைக்கிளையும் இருசக்கர வாகனத்தையும் கவிழ்த்துவிடும். சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் இந்திய சாலைப் பேரவையின் (Indian Roads Congress) வழிகாட்டுதல், வண்டி ஓடும் திசையில் 3.7 மீட்டர் நீளமும் நடுவில் 10 செ.மீ. உயரமும் கொண்ட வளைந்த மேட்டைச் சொல்கிறது. அதன்மேல் வண்ணப்பூச்சும் சற்று முன்னதாக எச்சரிக்கைப் பலகையும் கேளுங்கள். தேசிய நெடுஞ்சாலையில் பொதுவாக வேகத்தடைக்கு அனுமதியில்லை என்பதால், பள்ளி நேரத்தில் காவலர் நிற்பதையும் வேக வரம்புப் பலகையையும் கோருங்கள். நடப்பவர்களும் வாகனங்களும் கலந்து செல்லும் இடங்களில் வேகம் மணிக்கு 30 கி.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது என்பதை சாலைப் பாதுகாப்பு பற்றிய 2020ஆம் ஆண்டின் ஸ்டாக்ஹோம் உலக மாநாட்டுப் பிரகடனமே வலியுறுத்துகிறது.

பள்ளி வாசலைச் சரிசெய்ய எந்தத் துறையின் அனுமதியும் வேண்டாம். அங்கே நெரிசலை உண்டாக்குவது பெரும்பாலும் பெற்றோரின் வண்டிகளே. நூறு மீட்டர் தள்ளி ஓரிடத்தை முடிவு செய்து, அங்கேயே பிள்ளைகளை இறக்கி ஏற்றச் செய்யுங்கள். மாலையில் நடப்பவர்களையும் சைக்கிள் பிள்ளைகளையும் பத்து நிமிடம் முன்னதாக அனுப்பும்படி தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள். மிக விரைவில் பலன் தருவது இதுதான் என்பது என் உறுதியான கருத்து.

சிறு பிள்ளைகளைத் தெருவாரியாகச் சேர்த்து, முன்னால் ஒரு பெரியவரும் பின்னால் ஒருவருமாக நடத்திச் செல்லலாம். நடைபாதை இல்லாத சாலையில், எதிரே வரும் வண்டி கண்ணில் படுமாறு வலது ஓரமாக நடக்க வேண்டும். சைக்கிள் இடது ஓரமாகச் செல்ல வேண்டும்.

சைக்கிளில் உட்கார்ந்தபடி இரு கால் விரல்களும் தரையில் படும் அளவுக்கு இருக்கையை இறக்குங்கள். இரண்டு பிரேக்கையும் தனித்தனியாகப் பிடித்துப் பாருங்கள். சாப்பாட்டுப் பையை ஹேண்டில்பாரில் மாட்டினால் அது ஆடி முன்சக்கரக் கம்பிகளுக்குள் நுழையும். பின் கேரியரில் கட்டுவதே சரி. துப்பட்டாவின் இரு நுனிகளையும் முடிந்து ஊக்கு குத்த வேண்டும். சிறப்பு வகுப்பு முடிந்து மார்கழி மாலையில் திரும்பும் பிள்ளையின் பின் மட்கார்டில் ஒளியைத் திருப்பும் சிவப்பு ஸ்டிக்கர் கட்டாயம் இருக்கட்டும்.

சாலையோரத்தில் நிரப்பிய கிராவலை ஐப்பசி, கார்த்திகை மழை அரித்துவிடும். வேகத்தடையின் வண்ணமும் சில மாதங்களில் தேய்ந்துபோகும். ஆகவே ஜூனில் பள்ளி திறக்கும்போது ஒருமுறையும், மழைக்காலம் முடிந்ததும் மறுமுறையும் அதே பட்டியலோடு நடந்து பார்த்து, விட்டுப்போனதைக் குழுவின் அடுத்த கூட்டத்தில் வையுங்கள்.